ஓலேவுக்குக் கொஞ்சம் கதகதப்பு

காலை ஆறு மணிக்கு ஆர்டிஸ் விழித்துக்கொண்டதற்குக் காரணம் ஏதோ சத்தம் கேட்டதல்ல, சத்தம் நின்றுபோனதுதான். நிலவறையில் இருக்கும் ஹீட்டர் குளிர்காலம் முழுவதும் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் இல்லை. கையை நீட்டி விளக்கைப் போட்டாள். எரியவில்லை. போர்வையை உதறிவிட்டு எழுந்தவள், டார்ச்சை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு, சக்கரம் வைத்த ஒரு வலைக்கூண்டு. அதற்குள் தொட்டியில் வைத்த அத்திச்செடியின் கிளையைக் கட்டிப்பிடித்தபடி ஓலே தூங்கிக்கொண்டிருந்தான். ஓலே அவளுடைய அண்ணன் வெர்லினின் பச்சோந்தி. வாலை நீக்கிப் பார்த்தால் ஒரு சாண் நீளம். தலையில் படகைக் கவிழ்த்த மாதிரி ஒரு கொண்டை. கூண்டின் மேலிருந்த இரண்டு விளக்குகளும் அணைந்து கிடந்தன. வெப்பமானியில் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது.

அந்த ஊரில் காய்ச்சலை அளக்கிற அளவில்தான் வீட்டின் சூட்டையும் அளப்பார்கள். மனிதனுக்குத் தொண்ணூற்றெட்டு என்றால், ஓலேவுக்கு வெயில் காய எண்பத்தைந்து, தூங்க அறுபது. இதையெல்லாம் வெர்லின் இரண்டு தாள்களில் பெரிய எழுத்தில் எழுதிக் கூண்டின் பக்கத்தில் ஒட்டியிருந்தான். 'கையில் எடுக்காதே, அவன் பூனை அல்ல.' 'கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்க மாட்டான், இலைமேல் சொட்ட வேண்டும்.' 'குளிரில் இருக்கும்போது தீனி போடாதே, வயிற்றிலேயே அழுகிவிடும்.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தான்: 'ஐம்பதுக்குக் கீழே போக விடாதே.'

சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு என்றது. ராத்திரி வீசிய காற்றில் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும். தெரு முழுக்க இருட்டு.

வெர்லின் முப்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் டுலூத் நகரில் மூடப்போகிற ஒரு கடையில் இந்த ஜீவன் மட்டும் விற்காமல் கிடப்பதைப் பார்த்து, மனசு கேட்காமல் எடுத்து வந்துவிட்டான். வெர்லினுக்குக் கடைசியில் ஒரு துணை கிடைத்துவிட்டது, அது அவனைவிடக் கம்மியாகப் பேசுகிறது என்று ஊரில் கேலி பேசினார்கள். இடுப்பு மூட்டை மாற்ற டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை அவன் இரண்டு முறை தள்ளிப்போட்டான். ஓலேவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் காரணம். வலியில் படி ஏற முடியாமல் பக்கவாட்டாக ஏறுகிறவனைப் பார்த்து, ஆர்டிஸ் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்றான். மறுபடி சொன்னாள். வேண்டவே வேண்டாம் என்றான். மூன்றாவது முறை சொன்ன பிறகு, "உனக்குத் தொந்தரவு இல்லேன்னா சரி" என்றான். ஓலே கூண்டோடு அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

மினசோட்டாவின் அந்த வடகோடியில் யாரும் எதையும் அப்படித்தான் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கிறவர் மூன்று முறை கேட்க வேண்டும். வாங்குகிறவர் இரண்டு முறை மறுக்க வேண்டும். முதல் தடவையே கையை நீட்டுகிறவனுக்கு வளர்ப்பு சரியில்லை என்று பொருள். ஆர்டிஸுக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் மற்றவர்களுக்குப் பரிமாறியவள். கணவன் இறந்து ஆறு வருடத்தில் அவள் யாரிடமும் போய் எதையும் கேட்டதில்லை.

ஏழு மணிக்குச் சமையலறைச் சுவரில் இருந்த பழைய தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெர்லின். ஒன்பது மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோகிறார்கள்.

"ஓலே எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"உங்க பக்கம் கரண்ட் போயிருச்சுன்னு டிவியில சொன்னான்."

கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் விடிய ஆரம்பித்திருந்தது. பச்சையாக இருக்க வேண்டிய உடம்பு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணன் ஊசிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடுப்போடு அறுபது மைல் கிளம்பி வருவான். இரண்டு முறை தள்ளிப்போட்டவன் மூன்றாவது முறையும் தள்ளிப்போட யோசிக்க மாட்டான்.

"இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. நீ போய்ட்டு வா. நான் ஜெபம் பண்ணிக்கறேன்."

போனை வைத்தாள்.

முதலில் காரை நினைத்தாள். காரில் ஹீட்டரைப் போட்டு, ஓலேவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மூச்சு உள்ளே போகும்போதே மூக்கு உறைந்தது. ராத்திரி இன்ஜின் உறையாமலிருக்கக் காரைக்கூட மின்சாரத்தில் செருகி வைக்கிற ஊர் அது. செருகித்தான் வைத்திருந்தாள். ஆனால் மின்சாரம் இல்லாமல் செருகி என்ன பயன். சாவியைத் திருகினாள். கார் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு முனகக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது ஐம்பத்தேழு. கூண்டின் மூன்று பக்கமும் போர்வைகளைச் சுற்றினாள். மெழுகுவர்த்திகளைத் தேடி எடுத்துவிட்டு, 'புகை ஆகாது' என்ற வரியைத் தாளில் பார்த்து மறுபடி டப்பாவுக்குள் போட்டாள். வெப்பமானிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னதைக் கேட்டு, நன்றாக இருந்த விறகடுப்பைக் கழற்றிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டாள். அடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு பூ ஜாடி இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மார்னி. அந்தப் பெண்ணும் அவள் புருஷன் கோடியும் ஆகஸ்டில்தான் அரிசோனாவின் பாலைவனப் பக்கத்திலிருந்து, இரும்புச் சுரங்க வேலைக்காக வந்தார்கள். வேலைக்குப் போயிருந்த புருஷனுடைய இன்னொரு கோட்டைப் போட்டிருந்தாள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கண்ணிமைகளில் வெள்ளையாக உறைபனி.

"எங்க வீட்ல விறகடுப்பு எரியுது, ஆர்டிஸ். உங்க பச்சோந்தியை ஜன்னல் வழியா தெனமும் பாக்கறேன். அவனைத் தூக்கிட்டு வந்துடுங்களேன்."

ஆர்டிஸின் நெஞ்சு ஓடிப்போய் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஆனால் வாய் தன் வழக்கத்தை விடவில்லை.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா. நாங்க சமாளிச்சுக்குவோம். உனக்கு இருக்கற வேலையில இது வேறயா."

"அப்படியா? சரிங்க" என்றாள் மார்னி. திரும்பி, பனியில் கால் புதையப் புதைய நடந்து தெருவைக் கடந்து போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆர்டிஸ் வாசலிலேயே நின்றாள். வாசற்படி இறங்குவதற்குள் திரும்பிக் கேட்பாள் என்று நினைத்தாள். தெருவின் நடுவில் நின்று கேட்பாள் என்று நினைத்தாள். பிறகு, வீட்டுக்குள் போய் ஏதாவது எடுத்துக்கொண்டு மறுபடி வருவாள் என்று நினைத்தாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஓலேவைச் சுற்ற ஒரு துண்டைக்கூட மடித்து வைத்துக்கொண்டாள். கால் மணி, அரை மணி ஆயிற்று. எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நிம்மதியாக மேலே போய்க்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

கோபம் வந்தது. ஒரே தடவை கேட்டுவிட்டுப் போகிறவள் கேட்காமலே இருந்திருக்கலாமே. மனசில்லாமல் கேட்டால் அப்படித்தான் கேட்பார்கள். அந்தப் பெண்ணைப் பற்றித் தேவாலயத்தில் மற்றவர்கள் சொன்னது சரிதான் என்று தோன்றியது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தபோது, தட்டில் எலுமிச்சைக் கேக் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் வந்து பாதியை வெட்டிக்கொள்வார், அடுத்தவர் அதில் பாதி, கடைசியில் ஒரு துணுக்குதான் நிற்கும். மார்னி நேராக வந்து, "இது யாருக்கும் வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். முழுத் துண்டையும் எடுத்துத் தின்றுவிட்டாள். அதை ஒரு மாதம் பேசினார்கள். ஆர்டிஸும் பேசினாள்.

ஒன்பது மணிக்கு ஐம்பத்து மூன்று. இந்நேரம் அண்ணனுக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். நிலவறை வெந்நீர்த் தொட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் குளியல் தொட்டியில் திறந்துவிட்டு, கூண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அரை மணி நேரத்தில் அறுபத்திரண்டு வரை ஏறியது. ஓலே ஒரு கண்ணை மட்டும் திறந்து சுழற்றினான். அவள் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கைகளைக் கோத்தாள்.

ஆண்டவரே, உமக்கு எத்தனையோ வேலை இருக்கும், இது ஒரு சின்ன ஜீவன்தான், உமக்குச் சிரமம் இல்லையென்றால் என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்கே அது விசித்திரமாகக் கேட்டது. குருவிகளையும் தவளைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து வைத்தவரிடம் போய்ச் சிரமம் இல்லையென்றால் என்று கேட்கிறோமே. தெரு முனையில் நிற்கிற அந்நியரிடம் வழி கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது. ஆனால் வேறு எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெபம் பாதியில் நின்றது.

வெந்நீர் ஆறியதும் நிலைமை மோசமாயிற்று. ஆவி முழுவதும் ஈரமாகச் சுவரில் படிந்து, குளியலறை கூடத்தைவிடக் குளிர்ந்துபோனது. கூண்டை மறுபடி கூடத்துக்குத் தள்ளினாள். சக்கரம் கம்பளத்தில் மாட்டிக்கொள்ள, கூண்டு குலுங்கியது. ஓலே கறுத்துக்கொண்டே வந்தான். குளிரில் சூட்டை இழுத்துக்கொள்ளத்தான் அவன் கறுக்கிறான் என்று வெர்லின் எழுதியிருந்தான். இழுத்துக்கொள்ளச் சூடு எங்கே இருக்கிறது.

பத்து மணிக்குத் தேவாலயத் தோழி லவானைக் கூப்பிட்டாள். ஏழு மைல் தள்ளி அவளும் புருஷன் கார்டனும் இருந்த வீட்டில் ஜெனரேட்டர் உண்டு. வானிலை, பாதிரியாரின் முதுகு, பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் பேசி முடித்த பிறகு, ஓலேவின் பேச்சு தானாக வந்த மாதிரி வந்தது. லவான் ஒழுங்காக வளர்ந்தவள். கார்டனை வண்டியில் அனுப்புகிறேன், இங்கே வந்துவிடு என்றாள். இந்தக் குளிரில் அவரை ஏன் கிளப்பறே என்றாள் ஆர்டிஸ். அவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், வந்துவிடு என்றாள் லவான் இரண்டாவது முறையாக. வேண்டாம், உன் வீடே நிறைந்திருக்கும் என்றாள் ஆர்டிஸ், மூன்றாவது கேள்விக்குப் பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு. அப்போது அந்தப் பக்கம் யாரோ கத்துகிற சத்தம்.

"கொஞ்சம் இரு ஆர்டிஸ், ஜெனரேட்டர் நின்னுடுச்சு. அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவள் பேசவில்லை.

பதினோரு மணிக்கு வெப்பமானி நாற்பத்தெட்டு காட்டியது. அவள் ஜன்னலருகே நின்று எதிர்வீட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். கிளை காலியாக இருந்தது.

ஓலே கூண்டின் தரையில் பக்கவாட்டில் கிடந்தான். கண்கள் மூடியிருந்தன. கால்கள் உள்ளே மடங்கியிருந்தன. தாளில் எழுதியிருந்ததை மறந்து கையில் எடுத்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளரிக்காய் மாதிரி ஜில்லென்று இருந்தான். உடம்பு முழுக்கக் கரி. "ஓலே, ஓலே" என்று கூப்பிட்டாள். வெகு நேரம் கழித்து, முன்னங்கால் ஒன்று அவள் சுண்டு விரலைப் பிடித்தது. பிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, விரல்மேல் சாய்ந்தது.

துண்டில் சுற்றி அவனைச் சோபாவில் மெத்தைகளுக்கு நடுவில் வைத்தாள். தொப்பியை எடுக்கவில்லை, கையுறை போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தெரு கடக்க முப்பது அடிதான். அந்த முப்பது அடியும், என்ன சொல்வது என்று வார்த்தைகளைக் கட்டிக்கொண்டே போனாள். இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. உனக்கு இப்போது ரொம்ப வேலையோ என்று. மார்னி கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து விறகு வாசமும் சூடும் முகத்தில் அடித்தன. கட்டி வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"எனக்கு உதவி வேணும்" என்றாள் ஆர்டிஸ்.

மார்னி அவளையே பார்த்தாள். "காலைல நான் வந்து கேட்டப்போ நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"இன்னொரு தடவை கேப்பேன்னு நெனச்சேன்."

"வேண்டாம்னு சொன்னவங்களை எதுக்கு இன்னொரு தடவை கேக்கணும்?"

"இங்க எல்லாரும் அப்படித்தான். மூணு தடவை கேக்கணும். முதல் ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொல்லுவோம்."

மார்னி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "செத்துட்டானா?" என்றாள்.

"இல்ல. ஆனா விழுந்துட்டான்."

அதற்கு மேல் அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஓடி, கோடி மீன் பிடிக்கப் போகும்போது ஐஸ் போட்டு எடுத்துப்போகிற பெட்டியை இழுத்து வந்தாள். அடுப்புமேல் கொதித்த கெட்டிலிலிருந்து ஒரு புட்டியில் வெந்நீர் ஊற்றி, கம்பளிச் சாக்ஸுக்குள் திணித்துப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தாள். குளிரை உள்ளே வைத்திருக்கிற பெட்டி சூட்டையும் வைத்திருக்கும் என்றாள். அவர்கள் ஊரில் வெயிலில் மருந்தைப் பாதுகாக்க இதைத்தான் செய்வார்களாம். இருவரும் தெருவைக் கடந்தார்கள். ஓலேவைத் துண்டோடு பெட்டிக்குள் இறக்கினார்கள். கூண்டிலிருந்த தாள்களை ஆர்டிஸ் பிய்த்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, வழுக்குகிற பனியில் அரை அடி அரை அடியாக நகர்ந்தபோது, ஒரு முறை மார்னி சறுக்கி முழங்காலில் விழுந்தாள். பெட்டியை மட்டும் விடவில்லை.

மார்னி வீட்டுக் கூடத்தில் எண்பது டிகிரி இருந்தது. பெட்டியை அவள் நேரே அடுப்பின் வாயருகே கொண்டுபோனாள்.

"அவ்வளவு பக்கம் வேண்டாம்" என்றாள் ஆர்டிஸ். தாளைப் பிரித்துப் படித்தாள். "மெதுவாத்தான் சூடேத்தணும். அவனுக்குச் சுடறது தெரியாது, தோல் வெந்தாலும் நகர மாட்டான்னு எழுதியிருக்கான். ஆறடி தள்ளி."

அடுப்பிலிருந்து ஆறடியில் நின்றது துணி காயப்போடும் மரச்சட்டம்தான். அதில் கோடியின் சாக்ஸுகள் வரிசையாகத் தொங்கின. அடிக்கம்பியில் பெட்டியைச் சாய்த்து வைத்து மூடியைத் திறந்தார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆர்டிஸால் உட்கார முடியவில்லை. எழுந்து பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

மார்னி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "ஆகஸ்ட்ல வந்ததும் உங்களுக்கு ஒரு சட்டி பீன்ஸ் கொண்டு வந்தேனே, நெனவிருக்கா? வேண்டாம்னீங்க. திருப்பி எடுத்துட்டு வந்து நானும் கோடியும் நாலு நாள் தின்னோம்."

"அது நல்ல வாசனையா இருந்தது" என்றாள் ஆர்டிஸ். "அன்னிக்கு ராத்திரி நான் வெறும் ரொட்டிதான் தின்னேன்."

"இலை கூட்டித் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னீங்க. தபால்காரர் வேண்டாம்னாரு. பாதிரியார் வீட்டம்மாவும் வேண்டாம்னாங்க. அஞ்சு மாசமா இந்த ஊர்ல நான் குடுத்ததை ஒருத்தர்கூட வாங்கல. எங்களை இவங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். மார்ச்சோட கெளம்பிடலாம்னு கோடிகிட்டயும் சொல்லிட்டேன்."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவள். வெளியே குளிர் எவ்வளவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனாலேயே ஆர்டிஸுக்கு அது உள்ளே போய்த் தைத்தது. தருகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் இவர்கள் எல்லோரும் மறுக்கிறார்கள். அந்த மரியாதை ஒரு பெண்ணை ஐந்து மாதம் தன் வீட்டு ஜன்னலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. ஒருவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்வதும் அவருக்குச் செய்கிற உபகாரம்தான் என்று, இருபது வருடம் பரிமாறியே பழகிய கைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா.

"அந்த எலுமிச்சைக் கேக்கைப் பத்தி நானும் பேசினேன், மார்னி" என்றாள். "அது தப்பு. என்னை மன்னிச்சுடு."

"எந்தக் கேக்?"

ஆர்டிஸ் விளக்கினாள். மார்னி முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேண்டாமான்னு கேட்டுட்டுத்தானே எடுத்தேன். ஒரு ஊரே நின்னு என் வாயைப் பாத்துச்சே, முகத்துல மாவு ஒட்டியிருக்கோன்னு நெனச்சேன்."

ஒரு மணிக்குக் கரி நிறம் காப்பிப்பொடி நிறம் ஆயிற்று. இரண்டு மணிக்கு வயிற்றோரம் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தீனிக்கு வெண்ணெய் பூசிய ஏதாவது கொடுக்கலாமா என்று மார்னி கேட்க, வெட்டுக்கிளியைத் தவிர வேறெதுவும் தின்ன மாட்டான், அதையும் நாளைக்குத்தான் என்று ஆர்டிஸ் தாளைக் காட்டினாள். காகிதக் கோப்பையின் அடியில் மார்னி ஊசியால் துளை போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சட்டத்தில் தொங்கவிட்டாள். சொட்டு சொட்டாக விழுந்தது.

இரண்டரைக்கு, பெட்டியின் விளிம்பில் ஒரு கால் தெரிந்தது. பிறகு கொண்டை. ஓலே, எண்பது வயது மனிதர் மாடிப்படி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்து வைத்து சட்டத்தில் ஏறினான். ஒரு கண் அடுப்பைப் பார்த்தது. இன்னொரு கண் சுழன்று மார்னியிடம் வந்து நின்றது. கோப்பைக்கு அடியில் போய் வாயைத் திறந்து, விழுகிற சொட்டைப் பிடித்துக் குடித்தான். இரண்டு பெண்களும் எண்ணினார்கள். பன்னிரண்டு சொட்டு குடித்தான். அதன் பிறகுதான் ஆர்டிஸ் உட்கார்ந்தாள். பாதியில் விட்ட ஜெபத்தை, சிரமம் என்ற வார்த்தை இல்லாமல், மனசுக்குள் சொல்லி முடித்தாள்.

மூன்றரை மணிக்கு மார்னியின் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, விழித்துவிட்டார், அப்போதிருந்து ஒரே பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஓலே என்பவர் அவர் மகனா என்று நர்ஸ் விசாரித்தாள். பிறகு வெர்லினின் குரல், கொழகொழவென்று.

"ஆர்டி. ஓலே எப்படி?"

நல்லா இருக்கான் என்ற பதில் வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"காலைல நான் உன்கிட்ட பொய் சொன்னேன், வெர்லின். விடியறதுக்கு முன்னாடியே கரண்ட் போயிருச்சு. பதினோரு மணிக்கு அவன் கெளையிலேர்ந்து விழுந்துட்டான்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் பீப் என்றது.

"இப்போ?"

"இப்போ பாதிப் பச்சை. தண்ணி குடிச்சான். எதிர்வீட்டு மார்னி வீட்ல, அவ புருஷன் சாக்ஸுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான்."

"அவங்க விடாம கூப்பிட்டாங்களாக்கும்."

"இல்ல. நானே போய்க் கேட்டேன்."

"நீயா? போய்க் கேட்டியா?" என்றான் வெர்லின். "என்ன மருந்து குடுத்தாங்களோ தெரியல, எனக்கு என்னென்னமோ கேக்குது."

மார்னி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, போனை அந்தப் பெண்ணிடம் கொடு என்றான். பேசாதவன் என்று ஊரே கேலி செய்த மனிதன் இருபது நிமிடம் பேசினான். ஓலேவுக்குப் பிடிக்காத நிறம், அவன் தோல் உரிக்கும் விதம், பாலைவனத்து ஓணான்களுக்கும் இவனுக்கும் என்ன உறவு, எல்லாம். மார்னி சட்டத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, ம் கொட்டி, கேள்வி கேட்டு, நடுவில் தன் ஊர் ஓணானைப் பற்றியும் சொன்னாள். அந்த ஊரில் ஒருவர் அவளோடு இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

நாலரை மணிக்கு வெளிச்சம் மங்கும்போது, எதிரே ஆர்டிஸின் வீட்டில் விளக்குகள் எரிந்தன. காலையில் பதற்றத்தில் தட்டிவிட்ட அத்தனை சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று, வீடே கல்யாண வீடு மாதிரி நின்றது.

"கரண்ட் வந்துடுச்சு" என்றாள் மார்னி. எழுந்துபோய்க் கோட்டை எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

ஆர்டிஸ் பழக்கத்தில், கிளம்புகிறேன் என்பதற்கு அந்த ஊரார் செய்கிற மாதிரி, முழங்கால்களைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அந்த வீடு சூடேற ராத்திரி பத்து மணியாவது ஆகும். ஓலே சட்டத்தின் மேல்கம்பியில் வாலைச் சுருட்டிக்கொண்டு, கண்களை மூட ஆரம்பித்திருந்தான். இப்போது அவன் முழுப் பச்சை. இன்னொரு முறை பெட்டி, இன்னொரு முறை குளிர் என்றால் தாங்குவானா. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"இவனை இப்போ நகத்தக் கூடாது, மார்னி. காலை வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாமா?"

"இருங்க" என்றாள் மார்னி. பிறகு சட்டத்திலிருந்து கோடியின் சாக்ஸுகளை, ஓலே விழித்துக்கொள்ளாதபடி, ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.